யூனிக்ஸ் பேட்ச்: கை வைப்பதற்கு முன் பிடிபட வேண்டிய சொற்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையின் பில்லிங் ஆகட்டும், சேகோ ஃபேக்டரி கணக்கு ஆகட்டும், ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ் ஆகட்டும், ஏதாவது ஒரு மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் முதலில் சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். கமாண்ட் எல்லாம் மேனுவலில் இருக்கிறது. எந்த இடத்தில் நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே கிடைக்காது.

பேட்ச் என்றால் ஆரம்பத்தில் பழைய புரோகிராம் கோடுக்கும் புதிய கோடுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். டிஃப் என்ற கமாண்ட் எடுத்துக் கொடுக்கும் அந்த வித்தியாசத்தைப் பழைய ஃபைலில் ஏற்றுவதற்கு லாரி வால் 1985இல் பேட்ச் என்ற புரோகிராமை எழுதினார். இன்று உங்களுக்கு அது கம்பைல் செய்து முடித்த பேக்கேஜாக, ரெப்பாசிட்டரி என்ற பொதுக் கிடங்கிலிருந்து வருகிறது. உபுண்டு, டெபியனில் ஆப்ட் அப்டேட் என்று அடித்தால் பட்டியல் மட்டும்தான் புதுசாகும், அப்கிரேட் அடித்தால்தான் பேக்கேஜ் மாறும். அப்டேட்டை மட்டும் கிரானில், அதாவது நேரம் வைத்துத் தானாக ஓட்டும் வசதியில், போட்டுவிட்டு தினமும் பேட்ச் ஆகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

அடுத்தது சிவிஇ. 1999இலிருந்து ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் பொதுவாக ஒரு எண் கொடுக்கிறார்கள். கூடவே சிவிஎஸ்எஸ் என்று பத்துக்கு இத்தனை என ஒரு மதிப்பெண் வரும். 9.8 என்று பார்த்ததும் பதறாதீர்கள். அந்த சர்வீஸ் உங்கள் பெட்டியில் ஓடுகிறதா, வெளியிலிருந்து அந்த போர்ட்டைத் தொட முடியுமா என்று பார்த்துவிட்டு வரிசை போடுங்கள். இணையத்துக்குத் திறந்து கிடக்கும் 7, உள்ளே பூட்டிக் கிடக்கும் 9.8ஐவிட அவசரம் என்பது என் கணக்கு.

ஆட்களை அதிகம் குழப்புவது பேக்போர்ட், அதாவது புதுப் பதிப்பின் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோது, ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியின் 1.0.1ஜி பதிப்பில் சரிசெய்தார்கள். ஆனால் டெபியன் 7 அந்தப் பதிப்புக்குத் தாவவில்லை, கையிலிருந்த 1.0.1இ-யிலேயே அந்தத் திருத்தத்தை மட்டும் ஒட்டி, பின்னால் வரும் பேக்கேஜ் எண்ணை மட்டும் deb7u5 என்று ஏற்றி வெளியிட்டது. ரெட் ஹேட் லினக்ஸும் இதே வழிதான். இப்போது பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் என்ன சொல்லும்? ஓட்டை இருக்கிறது என்று சொல்லும். ஆடிட்டர் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் சண்டைக்குப் போகாமல், பேக்கேஜின் சேஞ்ச்லாகை, அதாவது மாற்றப் பதிவை, எடுத்து அந்த சிவிஇ எண்ணைத் தேடிக் காட்டுங்கள், ரெட் ஹேட் வகையில் ஆர்பிஎம் கமாண்டே அதைக் கொடுத்துவிடும். பதிப்பைக் காட்டச் சொல்கிறார்களே என்று சோர்ஸிலிருந்து நீங்களே புதுசைக் கம்பைல் செய்து போட்டால், அந்த நாளிலிருந்து அதற்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும் உங்கள் பொறுப்பு.

அப்புறம் 'போட்டாச்சு' வேறு, 'ஓடுகிறது' வேறு. லைப்ரரி ஃபைல் டிஸ்க்கில் மாறினாலும், ஏற்கெனவே ஓடும் என்ஜின்எக்ஸ் மாதிரி வெப் சர்வர் பழைய ஃபைலைத்தான் மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டை அடித்துப் பாருங்கள், அழிக்கப்பட்ட லைப்ரரிக்குப் பக்கத்தில் டெல் என்று மூன்றெழுத்து நிற்கும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாதவரை ஓட்டை அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இதைத் தானே சொல்லிவிடும். சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குப் பொதுவாக ரீபூட்தான் வழி. லைவ்பேட்ச் என்று ஒன்று லினக்ஸ் 4.0இலிருந்து உண்டு, ஓடும் கெர்னலிலேயே ஃபங்ஷனை மாற்றிவிடும், ஆனால் எல்லாத் திருத்தத்துக்கும் அது ஒத்துவராது.

திரும்பி வரும் வழியைப் போவதற்கு முன்பே பாருங்கள். ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் அப்ளை, கமிட் என்று இரண்டு நிலை. அப்ளை செய்தால் பழையது பத்திரமாக இருக்கும், பிடிக்கவில்லை என்றால் ரிஜெக்ட் செய்யலாம். கமிட் செய்துவிட்டால் அந்தப் பழசு போயே போச்சு, பேக்கப்தான் கதி. இடம் மிச்சமாகிறதே என்று உடனே கமிட் கொடுக்காதீர்கள், ஒரு மாத முடிவுக் கணக்காவது ஓடி முடியட்டும். இன்னொரு யூனிக்ஸான சோலாரிஸ் 10இல் பேட்ச் எண் 118833-36 மாதிரி இருக்கும், கோட்டுக்குப் பின்னால் இருப்பது திருத்த எண். ரெட் ஹேட் வகையில் டிஎன்எஃப் என்ற பேக்கேஜ் கருவியின் ஹிஸ்டரியில் அன்டூ இருக்கிறது, பழைய பேக்கேஜ் ரெப்பாசிட்டரியில் இன்னும் இருந்தால்தான் அது பலிக்கும். டெபியனில் நெடுநாள் அப்படி ஒன்றும் இல்லாததால் நான் எப்போதும் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அப்போதைய நிலையின் நகல், எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

மெயின்டனன்ஸ் விண்டோ, அதாவது சர்வரை நிறுத்தி வேலை செய்யும் நேரம், அதை ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏற்காட்டு ரிசார்ட்டுக்கு சனி, ஞாயிறு கூடாது, மே மாதக் கோடை விழாவின்போது கேட்கவே கேட்காதீர்கள், செவ்வாய் ராத்திரி நல்லது. மலைமேல் இணைய லைன் மெதுவாக இருந்தால் ஆப்ட்டில் டவுன்லோட் மட்டும் செய்யும் வசதியை முந்தின நாளே ஓட்டிவிடுங்கள், விண்டோ முழுக்க டவுன்லோடிலேயே போகாது. ரீபூட் ஆகி எழுந்திருக்காவிட்டால் பவர் பட்டனை அமுக்க அங்கே ஒரு ஆள் வேண்டும் அல்லது தூரத்திலிருந்தே பவரை இயக்கும் ஐபிஎம்ஐ வேண்டும், இரண்டும் இல்லையென்றால் நள்ளிரவில் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் நீங்கள்தான் ஏறியாக வேண்டும்.

கடைசியாக ஹோல்ட். டேட்டாபேஸ் போன்ற ஒரு பேக்கேஜை அசையாமல் நிறுத்தி வைப்பது. தேவைதான், ஆனால் ஏன் நிறுத்தினோம், எப்போது விடப்போகிறோம் என்று அந்த சர்வரின் நோட்டில் தேதியோடு எழுதுங்கள், ஏனென்றால் ஹோல்டில் இருக்கும் பேக்கேஜுக்கு செக்யூரிட்டி பேட்ச்சும் வந்து சேராது. ரீபூட் முடிந்ததும் யூநேம் கமாண்டை அடித்துப் புது கெர்னல்தானா என்று பாருங்கள், பில்லிங் ஆளைக் கூப்பிட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள், அது பிரிண்ட் ஆன பிறகு வீட்டுக்குக் கிளம்பலாம்.