ஒரே கட்டடத்தில் ஒரு லட்சம் பேர்: அறிவியல் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் தாங்கள் எழுதிய அறிவியல் கதைகளை என்னிடம் படிக்கத் தருவார்கள். பாதிக் கதைகளில் வானுயர ஒரு கட்டடம், உள்ளே லட்சம் பேர், வெளியே போகவே தேவையில்லை. ஆசையாக எழுதுகிறார்கள். ஆனால் தண்ணீரில் சறுக்கிவிடுகிறார்கள்.

மொட்டை மாடி மழையே ஊருக்குப் போதும் என்று எழுதிவிடுவார்கள். செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவின் நாலு பக்கக் கூரையும் மழைநீரை அண்டாவில் இறக்குவதைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை அது. சரி, கணக்குப் போடுவோம். நம் நாட்டில் நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துத் திட்டமிடுவார்கள். லட்சம் பேருக்கு 1.35 கோடி லிட்டர். கட்டடம் 1 ஹெக்டேரில் நிற்கிறது, வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை என்றால் மாடியில் விழுவது 90 லட்சம் லிட்டர். ஒரு வருட மழை ஒரு நாளைக்கே பற்றாது! செட்டிநாட்டு வீட்டில் கூரை பெரிது, தலை குறைவு. மிஞ்சியது ஊருணிக்குப் போனது. உங்கள் நகரமோ குளித்த தண்ணீரையும் கழிவுநீரையும் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துத்தான் பிழைக்கும். அந்த ஆலையில் வேலை பார்க்கும் ஒருத்தியைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

அடுத்தது காற்று. செடி வளர்த்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. 1991இல் அரிசோனாவில், 'பயோஸ்பியர் 2' என்ற அடைத்த கண்ணாடிக் கட்டடத்தில் 8 பேர் இரண்டு வருடம் வாழப் போனார்கள். 21 சதவீதத்தை ஒட்டியிருந்த ஆக்சிஜன் 14.5க்கு அருகே இறங்கியது. 1993இல் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விட்டன. செடிகள் அதைப் பிடிப்பதற்குள் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. நம் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதும் இதே வேதியியல்தான். சுவரும் மூச்சு வாங்கும் என்பதை மறக்காதீர்கள்.

வெப்பத்தையும் ஒரு வரியிலாவது சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே சுமார் 100 வாட் வெப்பம் விடும். லட்சம் பேருக்கு 10 மெகாவாட். அது எந்த வழியாக வெளியேறும்?

எனக்கு மிகவும் உறுத்துவது, நெரிசல் என்றாலே எல்லாரையும் ஒரே கூடத்தில் வரிசையாகச் சாப்பிட வைப்பது. செட்டிநாட்டு நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' வழக்கம். அதே வீடு, அதே வளவு. ஆனால் புது ஜோடிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. அத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்க அந்த அடுப்புதான் வழிசெய்தது என்று நினைக்கிறேன். உங்கள் ஐநூறாவது மாடியிலும் ஒருத்தி தன் அடுப்பில் தன் ருசிக்குக் குழம்பு வைக்கட்டும்.

அப்புறம், நகரத்தை எப்போதும் திறப்பு விழா அன்றைக்கே காட்டாதீர்கள். இங்கே பர்மாத் தேக்கில் எழுந்த வீடுகள் கடல் கடந்த வருமானத்தில் நின்றவை. அந்த வருமானம் நின்ற பிறகு பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கோ முன்னோரை வணங்கும் படைப்புக்கோ திறக்கிறார்கள். உங்கள் கட்டடத்தின் அறுபதாவது வருடத்தில், நடு மாடியில் ஒரு குழாய் வெடிக்கிறது. அதை அடைக்க யார் வருகிறார், கூலி யார் தருகிறார் என்பதிலிருந்து கதையைத் தொடங்கிப் பாருங்கள்.