சர்க்கரையை விட வேண்டுமா? முதலில் டிகாக்‌ஷனை மாற்றுங்கள்

மளிகை லிஸ்டை எடுத்து, மாதம் எத்தனை கிலோ சர்க்கரை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 5 கிலோ தீர்ந்தால், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 42 கிராம். வெளியில் குடிக்கும் டீ, பிஸ்கட், ஜூஸ் எல்லாம் தனிக்கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த வழிகாட்டலின்படி, தினம் 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு வரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது.

படி 1: ஸ்பூனை மாற்றுங்கள்

தலைதட்டிய டீஸ்பூனில் 4 கிராம் சர்க்கரை பிடிக்கும். அதையே கோபுரமாக அள்ளினால் 6, 7 கிராம். “ரெண்டு ஸ்பூன்தான் போடுறேன்” என்பவர் 8 கிராமும் போட்டிருக்கலாம், 14 கிராமும் போட்டிருக்கலாம். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கலோரி எண்ணும் ஆப்பை விட இது நூறு மடங்கு உதவும். சர்க்கரை டப்பாவில் ஒரே ஒரு ஸ்பூன் கிடக்கட்டும், தலைதட்டித்தான் எடுக்க வேண்டும்.

படி 2: கசப்பைக் குறையுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். டிகாக்‌ஷனை அப்படியே வைத்துக்கொண்டு சர்க்கரையை மட்டும் குறைத்தால், அதுவரை மறைந்திருந்த கசப்பும் துவர்ப்பும் நாக்கில் வந்து உட்காரும். மூன்றாம் நாள் கை தானாக டப்பாவுக்குப் போகும். மன உறுதி இல்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். டிகாக்‌ஷனைச் சரிசெய்தால் போதும்.

டீ: தூளைப் பாலோடு சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு முழுக்க இறங்கிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் போட்டு மூடுங்கள். மூன்று நிமிடத்தில் வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். இரண்டு ஏலக்காயை நசுக்கித் தண்ணீரிலேயே போட்டால், வாசனையே பாதி இனிப்பு.

காபி: சிக்கரி கசக்கும். பாக்கெட்டில் காபி 60, சிக்கரி 40 என்று இருந்தால், 80:20-க்கு மாறுங்கள். ஃபில்டரில் முந்தின நாள் மிஞ்சிய டிகாக்‌ஷன் வேண்டவே வேண்டாம். பாலில் தண்ணீர் கலப்பதையும் குறையுங்கள்: 100 மில்லி பாலிலேயே நாலரை, ஐந்து கிராம் லாக்டோஸ், அதாவது பாலிலேயே உள்ள இயற்கைச் சர்க்கரை, இருக்கிறது. சர்க்கரை குறையக் குறைய அந்த மென்மையான தித்திப்பு நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

படி 3: வாரம் ஒரு படி இறங்குங்கள்

டம்ளருக்கு 12 கிராம் போடுபவர் முதல் வாரம் 9, அடுத்தடுத்த வாரங்களில் 6, 4, 2 என்று இறங்கி, ஐந்தாம் வாரம் சர்க்கரையே இல்லாமல் குடிக்கலாம். ஒரு படியில் சிக்கினால் அங்கேயே இரண்டு வாரம் நில்லுங்கள், மேலே மட்டும் ஏறாதீர்கள்.

சர்க்கரையோடு சேர்த்துக் காபியையும் ஒரே நாளில் நிறுத்துபவர்கள் உண்டு. மறுநாள் தலைவலி மண்டையைப் பிளக்கும், எரிச்சல் வரும், பழி சர்க்கரை மேல் விழும். அநேகமாக அது கஃபீன் நின்றுபோனதால் வரும் தலைவலி. காபி இருக்கட்டும், சர்க்கரை மட்டும் போகட்டும்.

படி 4: பாக்கெட்டைத் திருப்புங்கள்

இந்தியாவில் விற்கும் பாக்கெட் உணவுகளின் ஊட்டச்சத்துப் பட்டியலில் ‘டோட்டல் சுகர்ஸ்’, ‘ஆடட் சுகர்ஸ்’ என இரண்டு வரி இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள். 100 கிராமுக்கு 30 என்று போட்டிருந்தால், தலா 8 கிராம் எடையுள்ள நாலு பிஸ்கட்டில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. சேர்மானப் பட்டியலில் லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாமே சர்க்கரைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும்.

ஒரு டேபிள்ஸ்பூன் தக்காளி சாஸில் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் சர்க்கரை இருக்கும். 250 மில்லி கோலாவில் 25 கிராமுக்கு மேல். இவற்றை நிறுத்துங்கள். குழம்பிலும் தோசை மாவிலும் போடும் சிட்டிகைச் சர்க்கரையைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 5: நாலு மணிக்குச் சுண்டல்

சாயங்காலம் இனிப்பு தேடுவதில் பாதி வெறும் பசி. ஆளுக்கு 50 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, காலையில் வேகவைத்துவிடுங்கள். டீக்கு முன்னால் சாப்பிட வேண்டும். டீ முதலில் வந்தால் பிஸ்கட்டும் கூடவே வரும்.

பின்னர் சேர்த்தது

“நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன், போதுமா?” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. போதாது. வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு மூன்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதேதான். தேனும், பிழிந்த பழச்சாறும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே 50 கிராம் கணக்கில்தான் வருகின்றன. கருப்பட்டி வாசனைக்காகப் போடுகிறீர்களா, தாராளமாகப் போடுங்கள், ஆனால் கிராமில் எண்ணுங்கள். செயற்கை இனிப்பு மாத்திரையை நான் பரிந்துரைப்பதில்லை. நாக்கு பழைய இனிப்பிலேயே நின்றுவிடும்.

டீக்கடையில் பல மாஸ்டர்கள் கிளாஸில் முதலில் போடுவதே சர்க்கரையைத்தான். கிளாஸைக் கையில் எடுக்கும் முன்பே “ஒரு வித்தவுட்” என்று சொல்லிவிடுங்கள். ஆபீஸ் மெஷினில் ரெடிமிக்ஸ் தூள் என்றால் பெரும்பாலும் சர்க்கரை அதிலேயே கலந்திருக்கும், பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உறவினர் வீட்டில், அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே “சர்க்கரையைத் தனியா குடுங்க அக்கா” என்றால் யாருக்கும் மனம் கோணாது.

இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் படி 3-ஐத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். உணவில் சர்க்கரை குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். வேர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் அது தாழ்சர்க்கரையாக, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்ததாக, இருக்கலாம். அப்போது மட்டும் மூன்று, நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும்.