நனைத்த ஓலை காத்திருக்காது: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே விட்டுப்போன ஆர்வத்தை மீட்கும் வழி

பனை ஓலையில் கொட்டான் என்னும் சிறு கூடை முடைய வேண்டுமென்றால் முந்தின இரவே ஓலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும். நனைத்த ஓலையைத் தொடாமல் அப்படியே போட்டுவைத்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போகும். பெரியபட்டினத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் என் அப்பத்தாவிடம் பத்து வயதில் கற்ற இந்தச் சின்ன விஷயம்தான், பதினோரு ஆண்டுகளாகக் கைவிட்டிருந்த வேலையை மறுபடி எடுத்தபோது எனக்குக் கைகொடுத்தது. ஆர்வம் தானாக வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்தவரை அது வரவேயில்லை. இரவில் நாலு ஓலையை நனைத்துவிட்டால், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுநாள் உட்கார வேண்டியதாயிற்று, உட்கார்ந்த பிறகு மனமும் வந்தது.

கல்யாணமாகி நான் வந்த ஊர் மண்டபம். வேலை ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில். பேருந்தில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், வர இன்னொரு மணி நேரம். கணவர் விசைப்படகில் டிரைவர். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களும் கடலுக்குப் போவது வழக்கம் என்பதால், எங்கள் வீட்டில் சோறு வடிக்கும் நேரம்கூட நாளுக்கு நாள் மாறும். இதற்கு மேல் இரண்டு பிள்ளைகள், அத்தையின் மருந்து, தண்ணீர் வரும் நாளில் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டி. ‘எனக்கு நேரமில்லை’ என்று சொல்ல எல்லா நியாயமும் எனக்கு இருந்தது.

ஆனாலும் ஒரு வாரம் நாளேட்டின் ஓரத்தில் குறித்துப் பார்த்தேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். எந்த நேரம் வீணானது என்று எழுத வேண்டாம், அது வெறும் மனவருத்தத்தில்தான் முடியும். எந்த நேரத்தில் கை சும்மா இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். குழாயடியில் முறைக்காகக் காத்திருந்தது இருபது நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது கால் மணி நேரம் என்று எனக்குக் கிடைத்தது. அந்த நேரம் முன்பும் இருந்ததுதான். ஆனால் ஓலைக்கட்டு பரணிலும், கத்தி அடுப்படியிலும், நனைக்கும் தொட்டி கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் கிடந்தன. கால் மணி நேரத்தில் இவற்றைத் தேடி எடுப்பதற்கே பொழுது போய்விடும். ஆகவே தட்டுமுட்டு அனைத்தையும் கடகம் எனும் பெரிய ஓலைப்பெட்டி ஒன்றில் போட்டுத் திண்ணை மூலையில் வைத்ததுதான் நான் செய்த முதல் உருப்படியான காரியம்.

இதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சில நேரம் ஆர்வக் குறைவு என்று நாம் நினைப்பது உடம்பின் குறையாக இருக்கும். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் ஆளைச் சோர்த்துப் போடும் என்பதால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல், தூக்கமும் கெட்டு, மனம் கனத்தே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் பேசலாம். இந்த நிலையில் ஓலையை நனைத்து மட்டும் சரியாகாது.

அடுத்து, விட்ட இடத்திலிருந்தே பிடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். கல்யாணத்துக்கு முன் ஒரே நாளில் ஒரு கடகம் முடித்தவள் என்ற நினைப்பில் நானும் பெரிய கடகத்துக்கே ஓலை வார்ந்து, மூன்றாம் நாள் விரல் வெடித்து, எல்லாவற்றையும் திரும்பப் பரணில் ஏற்றினேன். இரண்டாம் முறை உள்ளங்கை அளவுக் கொட்டானின் அடியை மட்டும் முடைவது என்று வைத்துக்கொண்டேன். குறுக்கில் நாலு, நெடுக்கில் நாலு ஓலைதான். ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து இறுக்கினால் பத்து நிமிடத்தில் சதுரமாக ஓர் அடி விழும். பக்கத்தை மடித்து எழுப்புவது மறுநாள் வேலை, விளிம்பு கட்டுவது அதற்கு மறுநாள். அன்றைய பங்கை மணிக்கணக்கில் வைக்காமல் வேலைக்கணக்கில் வைத்தால், முடித்தோம் என்ற நிறைவு தினமும் கிடைக்கும்.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பது கடலோர வீடுகளுக்கு ஒத்துவராது. படகு கரை சேரும் நேரம் யார் கையில் இருக்கிறது? அதனால் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள். ‘சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் திண்ணையில் உட்கார்ந்து நாலு ஓலை கோப்பேன்’ என்பது என் முடிச்சு. எப்போது, எங்கே, எப்படி என்று இப்படி முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள், வெறுமனே ‘செய்வேன்’ என்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது.

எத்தனை நாளில் பழகும்? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக ஏறத்தாழ 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய கேடு செய்யவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். எனக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் மீன்பிடித் தடைக்காலம் நினைவுக்கு வந்தது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் தடைக்காலத்தில் தொடங்கிவிடாதீர்கள். வருமானம் நின்று, படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் செலவும் வந்து, வீடே வேறு தாளத்தில் ஓடும் அந்த நாட்களில் பழகியது, படகுகள் கடலுக்குத் திரும்பியதும் அறுந்துவிடும். வழக்கமான நாட்களில் பழகுவதுதான் நிற்கும்.

வீட்டாரிடம் ‘எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் அது குறைப்பட்டுக்கொள்வதுபோல் கேட்கும். அளந்து கேளுங்கள். “அத்தை, தட்டைக் கழுவினதும் கால் மணி நேரம் திண்ணையில இருப்பேன், அதுவரைக்கும் பிள்ளைகளை நீங்க பார்த்துக்கங்க” என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஓலையை இங்க கொண்டா, ஈர்க்கை நான் கிழிச்சுத் தாரேன்” என்றார். அத்தைக்கும் ஓலை வேலை தெரியும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதினோரு ஆண்டுக்கு முன் நான் இந்த வேலையை வெறுத்ததற்கு நேரமின்மை காரணமில்லை. ஒரு கல்யாணத்துக்கு 150 தாம்பூலக் கொட்டான்களுக்கு ஒப்புக்கொண்டு, இருபது நாள் கண்விழித்து, கடைசியில் ஓலை வாசமே குமட்டும் அளவுக்கு ஆனேன். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், விருப்பத்தோடு புதிர் போட்ட மாணவர்களுக்குக் கூலி கொடுத்து நிறுத்தியபின் அவர்கள் அந்தப் புதிரில் செலவிட்ட ஓய்வுநேரம் குறைந்தது. விற்பது தவறு என்று நான் சொல்லவில்லை, ஓலையால் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஆனால் வேறு சம்பளம் இருப்பவர்கள், ஆர்வம் மீண்டு வரும் முதல் ஆண்டில் ஆர்டர் வாங்காமல் இருப்பதே நல்லது.

உங்கள் ஆர்வம் வேறாக இருக்கலாம். அதற்கும் முந்தின இரவில் நனைத்து வைக்க ஏதாவது இருக்கும். படம் வரைபவர் பென்சிலைச் சீவித் தாளோடு மேசைமேல் வைக்கலாம், பாடுபவர் மறுநாள் பாடும் நாலு வரியை எழுதி அடுப்படியில் ஒட்டலாம். பறவை பார்ப்பவர் குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்குப் பூநாரை பார்க்கப் போகும் நாளுக்காகவே காத்திராமல், வேலைக்குப் போகும் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து வழியில் உள்ள கண்மாயில் கண்ட ஒரு கொக்கையாவது குறித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் திண்ணையில் ஓலை காயாது. அந்த மாதங்களில் விட்டுவிடுவேன். விட்டது விட்டதாகவே போகாமல் இருக்க, திரும்பத் தொடங்கும் நாளை முன்னதாகவே எழுதி வைக்கிறேன். இந்த ஆண்டும் ஓலைக்கட்டைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றியாயிற்று. காலண்டரில் காணும் பொங்கலுக்கு மறுநாள் கட்டத்தில், ‘ஓலை நனைக்கணும்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, ‘எனக்கும் சேர்த்து’ என்று சின்னவள் எழுதிவைத்திருக்கிறாள்.