ஜி புரதம்: மனப்பாடம் வேண்டாம், ஒரே தாளில் வரைந்து பாருங்கள்

பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் சித்தி மகள், பார்மகாலஜி தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்தாள். "அக்கா, ஜி புரோட்டீன் பாதையை ஆறு தடவை எழுதிப் பார்த்துட்டேன், புத்தகத்தை மூடினா ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல" என்றாள். எழுதினதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். பக்கம் முழுக்க அம்புக்குறிகள், எல்லாம் முன்னோக்கியே போகின்றன. சமிக்ஞை எங்கே நிற்கிறது, யார் நிறுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு அம்புகூட இல்லை. அதனால்தான் ஞாபகத்தில் நிற்கவில்லை என்று எனக்குப் பட்டது, ஏனென்றால் இந்தக் கதையில் பாதி, ஆஃப் ஆவதில்தான் இருக்கிறது.

கல்யாண மண்டபங்களில் கைகழுவும் இடத்தில், தலையை அழுத்தினால் தண்ணீர் வரும் குழாய் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்திவிட்டுக் கையை எடுத்தாலும் சில விநாடி தண்ணீர் ஓடும், பிறகு தானாக நிற்கும். நிறுத்த யாரும் வர வேண்டியதில்லை. செல்லுக்கு வெளியே வரும் செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதமும் அப்படித்தான், ஆன் செய்ய வேறொருவர் வேண்டும், ஆஃப் ஆவதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சரி, ஒரு ஏ4 தாள், பென்சில், ரப்பர், ஒரு சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் கட்டாயம், அழிக்க வேண்டியது வரும்.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்த்துவிடுவோம். ஜி புரதத்தின் பையில் உட்காரும் இரண்டு மூலக்கூறுகளின் ஆங்கிலச் சுருக்கங்களையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ஜிடிபி என்றுதான் வரும். இந்த ஒரு குழப்பத்திலேயே பலர் விழுகிறார்கள். அதனால் இங்கே குவானோசின் டைபாஸ்பேட்டை 'டை' என்றும், குவானோசின் ட்ரைபாஸ்பேட்டை 'ட்ரை' என்றும் மட்டும் எழுதுகிறேன். டை என்றால் இரண்டு பாஸ்பேட், ஆஃப். ட்ரை என்றால் மூன்று, ஆன்.

வரைய ஆரம்பிப்போம்

தாளின் நடுவில் குறுக்காக இரண்டு கோடு போடுங்கள். அதுதான் செல் சவ்வு. மேலே வெளிப்புறம், கீழே உட்புறம். ஏற்பியை, அதாவது வெளியே வரும் செய்தியைப் பிடிக்கும் புரதத்தை, பாம்புபோல் வளைத்து வளைத்து, சவ்வை ஏழு முறை கடக்கும்படி வரையுங்கள். ஏழுக்குக் குறைந்தால் அது இந்தக் குடும்பத்து ஏற்பியே இல்லை. மனித மரபணுத் தொகுதியில் இந்தக் குடும்பத்து ஏற்பிகள் ஏறத்தாழ 800 இருக்கின்றன, அதில் ஏறத்தாழப் பாதி மோப்பத்துக்கு. கடைகளில் விற்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ஏற்பிகளில்தான் போய் உட்காருகின்றன என்பதால், பார்மசி மாணவர்கள் இதிலிருந்து தப்ப வழியே இல்லை.

ஏற்பிக்குப் பக்கத்தில், சவ்வின் உள்பக்கம் ஒட்டினாற்போல் மூன்று வட்டம்: பெரிதாக ஆல்ஃபா, அதையடுத்துப் பீட்டா, அதோடு ஒட்டிய குட்டி காமா. பீட்டாவும் காமாவும் பிரியாத ஜோடி, இரண்டையும் சேர்த்தே வரையுங்கள். ஆல்ஃபாவிலும் காமாவிலும் ஒரு சின்ன வால் போட்டு சவ்வுக்குள் செருகுங்கள், அது கொழுப்பு வால். இந்த வாலை வரையாமல் விட்டால்தான் ஜி புரதம் செல்லுக்குள் எங்கோ மிதந்து போவதாக நினைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் சவ்வை விட்டு இறங்குவதில்லை, சுவர் ஓரமாக நகர்ந்து போய்ப் பக்கத்து வீட்டைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆல்ஃபா வட்டத்துக்குள் பென்சிலால் 'டை' என்று எழுதுங்கள். இது ஓய்வு நிலை.

இப்போது ஒரு உதாரணம் வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமாலை எடுத்துக்கொள்வோம். அது மூச்சுக்குழாய்த் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பியில் (இந்தப் பீட்டா ஏற்பியின் பெயர், ஜி புரதத்தின் பீட்டா இல்லை) வெளிப்புறமாக வந்து உட்காருகிறது. உள்ளே போகவில்லை என்பதைக் கவனியுங்கள், கடைசிவரை போகப் போவதும் இல்லை. உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. ஏழு சுருள்களில் ஆறாவது சுருளின் உள்முனை, வெளிப்பக்கமாகச் சுமார் 1.4 நானோமீட்டர் விலகுகிறது, அந்த இடைவெளியில் ஆல்ஃபாவின் வால்முனை (சவ்வில் செருகிய கொழுப்பு வால் இல்லை, புரதச் சங்கிலியின் மறுமுனை) நுழைந்துகொள்கிறது. இதை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை, பிரையன் கோபில்காவின் குழு பீட்டா-2 ஏற்பியும் ஜி புரதமும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையைப் படிகமாக்கி, 2011-ல் படமாகவே காட்டியது. மறுவருடம் அவருக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல்.

வால்முனை நுழைந்ததும் ஆல்ஃபாவின் பிடி தளர்ந்து டை கழன்று விழுகிறது. ரப்பரை எடுத்து 'டை'யை அழியுங்கள். ஒரு நொடி வட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

இந்தக் காலி வட்டம்தான் முக்கியம். சித்தி மகளின் தாளில் இருந்த பெரிய தப்பும் இங்கேதான். டை மேல் இன்னொரு பாஸ்பேட் ஒட்டி அது ட்ரை ஆகிறது என்று எழுதியிருந்தாள். இல்லவே இல்லை. போன டை போனதுதான், வருவது வேறொரு புது மூலக்கூறு. செல்லுக்குள் டையைவிட ட்ரை பல மடங்கு அதிகமாக இருப்பதால், காலியான இருக்கையில் பெரும்பாலும் ட்ரைதான் வந்து உட்காரும். பஸ்ஸில் ஒருவர் எழுந்தால் நின்றுகொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவர் உட்காருகிற மாதிரி, எழுந்தவரே வேஷம் மாற்றிக்கொண்டு திரும்ப உட்காருவதில்லை. ஏற்பியின் வேலை அந்த இருக்கையைக் காலி செய்து கொடுப்பது மட்டும்தான். இப்போது 'ட்ரை' என்று எழுதுங்கள்.

ட்ரை உட்கார்ந்ததும் ஆல்ஃபா, பீட்டா-காமா ஜோடியிடமிருந்து விலகுகிறது. பீட்டா-2 ஏற்பியோடு சேரும் ஆல்ஃபா, தூண்டும் வகை, பெயர் ஜிஎஸ். அது சவ்வோரமாக நகர்ந்து அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி அடினோசின் ட்ரைபாஸ்பேட்டை (ஏடிபி) சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றித் தள்ளுகிறது. சைக்ளிக் ஏஎம்பி போய்ப் புரதக் கைனேஸ் ஏ-வின் ஒழுங்குபடுத்தும் பகுதியில் ஒட்டிக்கொண்டு, வேலைசெய்யும் பகுதியை அவிழ்த்துவிடுகிறது. அந்தக் கைனேஸ் தசைக்குள் பல புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்ட, தசை தளர்ந்து மூச்சு விட முடிகிறது. இழுத்த சில நிமிடத்தில் தெரியும்.

ஒரு ஏற்பி விழித்திருக்கும் நேரத்தில் பல ஜி புரதங்களை ஆன் செய்துவிடும், ஒவ்வொரு சைக்ளேஸும் ஏராளமாகச் சைக்ளிக் ஏஎம்பி செய்யும். அதனால் தாளில் கீழே போகப் போக அம்புகளை அதிகமாக்குங்கள். துளி மருந்து எப்படி இவ்வளவு வேலை செய்கிறது என்ற கேள்விக்குப் பதில் அந்த அம்புகள்தான்.

சிவப்புப் பேனா

இனி நிறுத்தங்கள், எல்லாம் சிவப்பில். முதல் நிறுத்தம் ஆல்ஃபாவுக்குள்ளேயே இருக்கிறது, ஒரு சின்னக் கத்தரிக்கோல் வரையுங்கள். ஆல்ஃபாவே ட்ரையின் மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டிவிடும். அதற்குச் சில விநாடிகள் ஆகும், ஆர்ஜிஎஸ் என்ற புரதங்கள் கூட நின்றால் இன்னும் சீக்கிரம். வெட்டினதும் ட்ரை டை ஆகிறது, ஆல்ஃபா பீட்டா-காமாவிடம் திரும்புகிறது, சைக்ளேஸ் அடங்குகிறது. (ஆக, ட்ரை டை ஆவது வெட்டுவதால், டை போய் ட்ரை வருவது மாற்றுவதால். போகும் வழியும் வரும் வழியும் வேறு வேறு.) இரண்டாவது, ஏற்கெனவே செய்து வைத்த சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ். மூன்றாவது ஏற்பியிலேயே: ஜிஆர்கே என்ற கைனேஸ்கள் அதன் உள்வாலில் பாஸ்பேட் ஒட்ட, அதைப் பார்த்து அரெஸ்டின் வந்து வழியை மறித்து உட்கார்ந்துவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பலன் குறைவதற்கு இது ஒரு காரணம்.

வரைந்தது சரியா என்று சோதிக்கக் காலராவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1959-ல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, காலரா கிருமியை வடிகட்டி எடுத்துவிட்ட திரவமே முயலின் குடலில் நீர் கோர்க்க வைக்கிறது என்று காட்டினார். நோயைச் செய்வது கிருமி வெளியிடும் ஒரு நச்சுதான் என்று அதில் தெரிந்தது. ஜி புரதம் என்ற பெயர்கூட அப்போது இல்லை. அந்த நச்சு என்ன செய்கிறது தெரியுமா? குடல் செல்லுக்குள் போய், ஜிஎஸ் ஆல்ஃபாவின் 201-வது அமினோ அமிலமான ஆர்ஜினினில் ஒரு அடினோசின் டைபாஸ்பேட்-ரைபோஸ் துண்டை ஒட்டிவிடுகிறது. தாளில் நீங்கள் வரைந்த கத்தரிக்கோல் மேல் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அவ்வளவுதான் நடந்தது. அழுத்துக் குழாயின் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டது. சைக்ளேஸ் ஓயாமல் ஓடுகிறது, குடல் செல்லின் குளோரைடு வாய்க்கால் திறந்தே கிடக்கிறது, குளோரைடு வெளியே போக சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. கடுமையான காலராவில் பெரியவர்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து உள்ளே வரும் வாசலை இந்த நச்சு தொடுவதில்லை, அதனால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பாற்றுகிறது. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலிப் மகலனாபிஸ் அதைத்தான் பயன்படுத்தினார்.

கிருமியே இல்லாமல் அதே 201-வது ஆர்ஜினின் மரபணு மாற்றத்தால் கெட்டுப்போகும் நோயும் உண்டு, மெக்கியூன்-ஆல்பிரைட் நோய்க்குறி. கத்தரிக்கோல் இருக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

கக்குவான் இருமல் கிருமியின் நச்சு இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. சைக்ளேஸை அடக்கும் ஜிஐ என்ற ஆல்ஃபாவின் வால்முனையில் அதே மாதிரித் துண்டை ஒட்டி, அது ஏற்பியோடு பேச முடியாமல் செய்துவிடும், ஜிஐ டையிலேயே பூட்டிக்கிடக்கும். பிரேக் அறுந்தாலும் வண்டி ஓடும், ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கொண்டாலும் வண்டி ஓடும். இரண்டிலும் சைக்ளிக் ஏஎம்பி ஏறுவது அதனால்தான், தேர்வில் இதை மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

மற்ற வகைகள்

ஒரு தாள் கைவந்துவிட்டால் மீதியெல்லாம் அதே தாளில் பெயர் மாற்றுவதுதான். ஜிக்யூ என்றால் சைக்ளேஸ் இருக்கும் இடத்தில் பாஸ்போலிபேஸ் சி என்று எழுதுங்கள். அது சவ்வுக் கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது, ஒரு துண்டான ஐபி3 உள்ளே போய்ச் சேமிப்பில் இருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது, இன்னொரு துண்டு சவ்விலேயே தங்கிப் புரதக் கைனேஸ் சி-யை எழுப்புகிறது. ஜி12/13 என்றால் ரோ என்ற சின்னப் புரதம் வழியாக செல்லின் எலும்புக்கூட்டை அசைக்கும், பெரும்பாலும் பாடத்தில் அதற்கு மேல் கேட்பதில்லை.

அட்ரினலின் என்ன செய்யும் என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், எந்த செல்லில், எந்த ஏற்பியில் என்று திருப்பிக் கேளுங்கள். இதயத்தில் பீட்டா-1, ஜிஎஸ், துடிப்பு ஏறும். ரத்தக்குழாயில் ஆல்ஃபா-1, ஜிக்யூ, குழாய் சுருங்கும். (ஏற்பியின் பெயரில் வரும் ஆல்ஃபா வேறு, ஜி புரதத்தின் ஆல்ஃபா வேறு. பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.)

பீட்டா-காமாவைச் சும்மா துணைக்கு வந்ததாக நினைக்க வேண்டாம். இதயத்தில் வேகஸ் நரம்பு அசிடைல்கோலினை விடும்போது, எம்2 ஏற்பி ஜிஐ-யைப் பிரிக்கிறது. அங்கே ஆல்ஃபாவைவிட வேகமாக வேலை செய்வது பீட்டா-காமாதான், நேரே போய்ப் பொட்டாசியம் வாய்க்காலைத் திறந்து துடிப்பைக் குறைக்கிறது. நடுவில் சைக்ளிக் ஏஎம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஏற்பிக்கும் சைக்ளேஸுக்கும் நடுவில் ஜி புரதம் என்று ஒரு ஆள் இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தெரிந்தால் படம் இன்னும் பதியும். மார்ட்டின் ராட்பெல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், கல்லீரல் சவ்வில் குளுக்ககான் ஹார்மோனைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் வாங்கிய ஏடிபியில் ட்ரை கலப்படமாக இருந்திருக்கிறது. சுத்தமான சரக்கைப் போட்டபோது எதிர்வினை சரியாக வரவில்லை, ட்ரையைத் தனியாகச் சேர்த்ததும் வந்தது. 1971-ல் வெளியிட்டார். வர்ஜீனியாவில் ஆல்ஃபிரட் கில்மன் குழு, ஹார்மோனுக்கு அசையாத ஒரு எலிப் புற்றுசெல்லை எடுத்துக்கொண்டது. சைக்ளேஸ் இல்லை என்று நினைத்து அந்த செல்லுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். பார்த்தால் ஏற்பியும் இருந்தது, சைக்ளேஸும் இருந்தது, நடுவில்தான் ஆளில்லை. நல்ல செல்லிலிருந்து எடுத்த புரதத்தைச் சேர்த்ததும் வேலை செய்தது. 1980-ல் அந்தப் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். 1994 நோபல் இருவருக்கும்.

கடைசியாக ஒரு பயிற்சி. சேலம் பக்கம் பயிரிடும் மருந்துக்கூர்க்கன் கிழங்கிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளை எடுக்கிறார்கள், அதைக் கொடுத்தால் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி ஏறும். ஆனால் அது எந்த ஏற்பியிலும் உட்காருவதில்லை, ஆல்ஃபாவில் டை இருக்கிறதா ட்ரை இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. உங்கள் தாளில் அதற்கு அம்பு எங்கே போடுவீர்கள்? சித்தி மகள் பென்சிலை எடுத்து, ஏற்பியையும் மூன்று வட்டத்தையும் தாண்டி நேரே சைக்ளேஸில் போட்டாள். மணி அப்போது பன்னிரண்டேகால், போய்த் தூங்கு என்று போனை வைத்துவிட்டேன்.