வன்னி வீட்டுக்கு உயர்ரக சீடி பிளேயர்: வாங்கும்போது எங்கே பிழைக்கிறது?

வெளிநாட்டில் இருந்து ஒரு நல்ல பிளேயர் வந்து இறங்கினால் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள். தடித்த அலுமினிய முகப்பு, சத்தமே இல்லாமல் வெளியே வரும் ட்ரே, தூக்கினால் கை இழுக்கும் பாரம். முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். கரண்ட் வயர் போகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வோல்டேஜ் போட்டிருக்கும். லண்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் பக்கம் வாங்கியது என்றால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நம் கரண்டும் அதுதான், பிளக்கை மாற்றினால் சரி. கனடாவில் வாங்கியது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வருவது 100 வோல்ட்.

விலை கூடிய சாமான் எந்த வோல்டேஜையும் தாங்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் நிலைமை நேர்மாறு. மலிவான டிவிடி பிளேயரில் 100 முதல் 240 வரை தானாகவே எடுத்துக்கொள்ளும் பவர் சப்ளை இருக்கும். உயர்ரக சீடி பிளேயர்களில் பலவற்றில் ஒரே வோல்டேஜுக்குச் சுற்றிய பெரிய ட்ரான்ஸ்போமர்தான் இருக்கும். 120 வோல்ட் பெட்டியை நம் சுவரில் செருகினால் அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸ் போகும், இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமரே போகும்.

வோல்டேஜை இறக்கித் தரும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம். சீடி பிளேயர் இழுப்பது பெரும்பாலும் 20, 40 வாட்ஸ்தான், அதனால் பெரியது தேவையில்லை. 60 ஹேர்ட்ஸ் பெட்டியில் பாட்டு வேகம் மாறுமோ என்று பயப்பட வேண்டாம். தட்டு சுழலும் வேகத்தை உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்போமர் 50இல் கொஞ்சம் கூடச் சூடாகும். ஜப்பான் 100 வோல்ட் பெட்டியைக் கடையில் கிடைக்கும் 110 வோல்ட் ஸ்டெப் டவுனில் போட்டாலும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் அந்தச் சூடு சும்மா போகாது. என்னைக் கேட்டால், கனடா மாமா வாங்கித் தர ஆசைப்பட்டால் காசை லண்டன் சித்திக்கு அனுப்பி அங்கே வாங்கச் சொல்வது நல்லது.

1990களில் கரண்டே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. கம்பி வந்த பிறகு கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறோம், அது எப்படி வருகிறது என்று பார்ப்பதில்லை. உள்ளே போன கிராமங்களில், லைனின் கடைசி வீடுகளில், தண்ணீர் மோட்டர்கள் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும். அதற்காகக் கம்ப்யூட்டருக்கு வாங்கிய மலிவு யூபிஎஸ்ஸில் பிளேயரைச் செருகுவது இன்னொரு பிழை. அது பற்றரியில் ஓடும்போது தரும் கரண்ட் ஒழுங்கான அலையாக வராது. ட்ரான்ஸ்போமர் உறுமும், அந்த உறுமல் சில நேரம் ஸ்பீக்கரிலும் கேட்கும். நல்ல ஸ்டெபிலைசர் போதும். இடி மின்னலுக்கு எந்தக் கருவியையும் நம்பாமல் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அம்பிளிபயரோடு டிவியும் டிஷ்ஷும் இணைந்திருந்தால் டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மின்னல் வரும் வழி அதுவும்தான்.

சரி, கரண்ட் முடிந்தது. அடுத்து உங்கள் அலுமாரியைத் திறந்து என்னென்ன தட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். இதைச் செய்யாமல் பிளேயர் வாங்குபவர்களே அதிகம். என் கணிப்பில் காசு வீணாவதும் இங்கேதான் அதிகம்.

எஸ்ஏசிடி (சூப்பர் ஓடியோ சீடி) என்ற உயர்தரத் தட்டு வகை 1999இல் வந்தது. சாதாரண சீடி ஒரு நொடிக்கு 44,100 தடவை, 16 பிட்டில் ஒலியை அளந்து வைக்கிறது. எஸ்ஏசிடி ஒரே பிட்டை நொடிக்கு 28 இலட்சம் தடவைக்கு மேல் எழுதுகிறது. எண்ணைப் பார்த்தால் வாய் பிளக்கும். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் திரைப்பாட்டு, பக்திப்பாட்டு, கர்நாடக சங்கீதம், நாதஸ்வரம் எல்லாம் அநேகமாகச் சாதாரண சீடிதான். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இலேயே மறைந்துவிட்டார், சீடி பிறந்தது 1982இல். அவருடைய தவில் நமக்குக் கிடைப்பது பழைய டேப்பில் இருந்து ஏற்றியது. டேப்பில் இல்லாததை எந்தப் பிளேயரும் கொண்டுவராது. மேற்கத்திய செவ்வியல் இசையோ ஜாஸோ சேர்ப்பவர் எஸ்ஏசிடி ஓடும் பெட்டிக்கு மேலதிகக் காசு கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அது முகப்பில் ஒரு சின்னம், அவ்வளவுதான். எஸ்ஏசிடி தட்டுகளில் பலவற்றில் சாதாரண சீடி அடுக்கும் சேர்ந்தே இருக்கும். அவை உங்கள் பழைய பிளேயரிலும் பாடும்.

அப்புறம், 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வந்து குவிந்த தட்டுகளை எடுங்கள். கடையில் எழுதிக் கொடுத்த சீடிகள், ஒரே தட்டில் நூறு பாட்டுப் போட்ட எம்பி3கள், விசிடிகள். உயர்ரக சீடி பிளேயர் என்பதால் இவை எல்லாவற்றையும் வாசிக்கும் என்று நினைக்க வேண்டாம். சில விலை கூடிய பெட்டிகள் எம்பி3யைத் தொடவே மாட்டா. விசிடிக்கு வீடியோ பிளேயர் வேண்டும், புதிய புளூரே பெட்டிகளில் சில அதையும் கைவிட்டுவிட்டன. எழுதிய சீடியில் ஒரு நுணுக்கம் உண்டு. சீடியை வாசிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியையும் எஸ்ஏசிடியையும் வாசிப்பது 650. எழுதும் சீடியின் சாயம் 780க்கு ஏற்றபடி செய்தது. 650க்கு அது சரியாகத் தெரியாது. அதனால் ஆரம்பகால எஸ்ஏசிடி, டிவிடி பிளேயர்கள் சில, எழுதிய சீடியை வெளியே தள்ளிவிடும். இரண்டு லேசரும் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடச் சுலபம், உங்களிடம் இருக்கும் மிக மோசமான எழுதிய சீடியைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது.

எழுதிய சீடிகளைப் பற்றி இன்னொன்று. அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிப்பான பிளாஸ்டிக். அங்கே விழும் சின்னக் கீறலைப் பிளேயரின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும், தடத்தில் 2.5 மில்லிமீட்டர் வரை தகவல் அழிந்தாலும் முழுதாக மீட்கும். மேல்பக்கம் அப்படியல்ல. படம் ஒட்டிய அல்லது பெயர் எழுதிய அந்தப் பக்கத்தில் மெல்லிய பூச்சுக்குக் கீழேயே பளபளக்கும் படலம் இருக்கிறது. அது உரிந்தால் எத்தனை இலட்சம் ரூபாப் பிளேயரும் ஒன்றும் செய்யாது. துடைப்பதென்றால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தடம் வட்டமாக ஓடுகிறது. கீறலும் அதே வழியில் ஓடினால் பிழைதிருத்தத்துக்கு வேலை கூடும்.

இனி எண்களுக்கு மயங்குவது. 24 பிட், 32 பிட், 192, 384 கிலோஹேர்ட்ஸ் என்று பட்டியலில் போட்டிருப்பது, தட்டில் உள்ள எண்களை ஒலி அலையாக்கும் டாக் எனும் மாற்றியின் கொள்ளளவு. நீங்கள் போடும் சீடி 16 பிட்டும் 44.1 கிலோஹேர்ட்ஸும்தான். அதிலேயே ஏறக்குறைய 96 டெசிபெல் ஏற்ற இறக்கமும் 20 கிலோஹேர்ட்ஸ் தாண்டிய ஒலியும் அடங்கிவிடும். நடுத்தர வயதுக் காதுக்கு 15 கிலோஹேர்ட்ஸே கேட்டால் பெரிய விஷயம். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி போன்ற உயர்தரத் தட்டுகளை நேரடியாகவும், சீடித் தரத்துக்கு இறக்கியும் மாறி மாறிப் போட்டுக் காட்டினார்கள். சாதாரணமாகக் கேட்கும் சத்தத்தில் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதை ஏற்காதவர்களும் உண்டு, விவாதம் ஓயவில்லை. ஆனால் ஐம்பதாயிரத்துக்கும் ஐந்து இலட்சத்துக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் காதில் விழும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். மேலதிக விலை பெரும்பாலும் கட்டுமானத்திலும் சத்தமில்லாத பொறிமுறையிலும் பெயரிலும் இருக்கிறது. அது தேவையில்லை என்று சொல்லவில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கடையில் இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது ஏமாறுவது இன்னும் சுலபம். சிவப்பு, வெள்ளை முனை உள்ள சாதாரண ஆர்சிஏ வயர் வழியாக வெளிவருவது வழமையாக 2 வோல்ட். ஒரு கம்பனி அதை 2.3 ஆக்கியிருந்தால் சுமார் 1.2 டெசிபெல் கூடக் கேட்கும். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம் மனது 'சத்தம் கூட' என்று எடுக்காது, 'தெளிவு கூட' என்று எடுக்கும். மூன்று ஊசி உள்ள எக்ஸ்எல்ஆர் வயரில் பல பிளேயர்கள் 4 வோல்ட் வரை தருகின்றன, அதாவது 6 டெசிபெல் கூட. ஒன்றை ஆர்சிஏயிலும் மற்றதை எக்ஸ்எல்ஆரிலும் போட்டுக் காட்டும் விற்பனையாளரிடம் சத்தத்தைச் சமப்படுத்தச் சொல்லுங்கள். திருவிழா ஒலிபெருக்கியில் பழகிய காது நமக்கு. உரத்ததே நல்லது என்று அது உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது தட்டை வாசிக்கும் லேசர் ஹெட்டைப் பற்றி. சீடி பிளேயரில் தேயும் உறுப்பு அதுதான், அதோடு ட்ரேயை இழுக்கும் சின்ன ரப்பர் பெல்ட்டும். பெல்ட்டை மாற்றுவது லேசான வேலை. ஹெட் அப்படியல்ல. பழைய உயர்ரகப் பெட்டிகளுக்கு ஹெட் செய்த தொழிற்சாலைகள் பலவற்றை நிறுத்திவிட்டன. புகழ் பெற்ற பழைய மாடல் குறைந்த விலைக்கு வந்தால், உள்ளே என்ன ஹெட், அது இன்றைக்குக் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காது என்றால் நீங்கள் வாங்குவது அலங்காரப் பொருள். ஓப்போ என்ற கம்பனி 2018இல் பிளேயர் செய்வதை நிறுத்தியது. அதன் பெட்டிகளுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது, ஆனால் அதே கேள்வி அங்கும் உண்டு. எல்லாத் தட்டும் ஓடும் பெட்டி என்று புளூரே பக்கம் போனாலும் பெயரை நம்பாமல் விபரத்தைப் பாருங்கள்: பனசொனிக் யூபி9000 விலை கூடியது, எஸ்ஏசிடி ஓடாது. சோனி எக்ஸ்800எம்2 அதைவிட மலிவு, ஓடும். டிவிடிக்கும் புளூரேக்கும் நாட்டு வலயம் வேறு இருக்கிறது. கனடாவில் வாங்கிய படத்தட்டு நம் வலயத்துப் பெட்டியில் ஓடாமல் போகலாம். சீடிக்கும் எஸ்ஏசிடிக்கும் அந்தத் தொல்லை இல்லை.

ஹெட்டின் ஆயுளைக் குறைப்பது நம் தூசியும் சூடும். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் றோட்டோர வீட்டில் ஒரே நாளில் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசி லென்ஸிலும் படியும். மாரியில் ஈரம் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மேலே மூடி திறக்கும் வகைப் பிளேயர்கள் பார்க்க அழகு, ஆனால் எங்கள் பக்கத்துக்கு முன்னால் ட்ரே வரும் வகைதான் தோது. தூசிக்குப் பயந்து கண்ணாடி அலுமாரிக்குள் இறுக்கிப் பூட்டவும் வேண்டாம், சூட்டில் உள்ளே வெந்துபோகும். அம்பிளிபயரின் தலையில் ஏற்றி வைப்பதும் அதே கேடு. ஓடாத நேரம் துணியால் மூடி, ஓடும்போது எடுத்துவிடுங்கள். காற்றோட்டத் துளைகள் வழியே எறும்பும் பல்லியும் போகும். பவர் சப்ளைப் பலகையில் பல்லி கருகி பெட்டி நின்றுபோவது இங்கே புதிதல்ல.

ஸ்பீக்கரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மொத்தக் காசில் பாதியாவது அதற்குப் போக வேண்டும். சீமெந்து நிலமும் பூசிய சுவரும் தகரக் கூரையும் உள்ள ஹோலில் தவிலின் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கும். தடித்த திரைச்சீலையும் நிலத்தில் விரிப்பும் செய்யும் மாற்றத்தை எந்த டாக்கும் செய்யாது.

பாவித்த பெட்டி என்றால், 70 நிமிடத்துக்கு மேல் உள்ள சீடியைப் போட்டுக் கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். சீடி உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவது, ஹெட்டும் பொறிமுறையும் தளர்ந்திருந்தால் விளிம்பில்தான் தடுமாறும். தட்டைப் போட்டவுடன் பாட்டு எண்ணிக்கை காட்ட அதிக நேரம் எடுத்தாலும் யோசியுங்கள். கொழும்பில் இருந்து பஸ்ஸிலோ லொறியிலோ ஏற்றுவதற்கு முன், பெட்டியின் அடியில் லேசரைப் பூட்டும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய மாடல்கள் பலவற்றில் உண்டு. பயணத்துக்கு முன் அதை முடுக்க வேண்டும், வீட்டில் பவர் போடுவதற்கு முன் கழற்ற வேண்டும். கழற்ற மறந்துவிட்டுத் தட்டு ஓடவில்லை என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கழற்றிய திருகைச் சின்னப் பையில் போட்டுப் பெட்டியின் பின்பக்கத்திலேயே டேப்பால் ஒட்டி வையுங்கள், திருத்துவதற்கு யாழ்ப்பாணமோ கொழும்போ அனுப்பும்போது தேடத் தேவையில்லை.