ஸ்பெல்லிங் சந்தேகமா? சொந்தக்காரச் சொல்லைக் கேளுங்கள்

ஸ்பெல்லிங் பீ போட்டிக்கு (ஆங்கிலச் சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டி) கடினமான சொல்லைப் படிக்கும்போது, அதே வேரில் பிறந்த இன்னொரு சொல்லையும் பக்கத்தில் எழுதி, இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'கிராமர்' முடிவது ஏ-ஆரிலா, ஈ-ஆரிலா? 'கிராமேட்டிகல்' என்றதும் ஏ பளிச்சென்று கேட்கும். 'சிமிலர்' என்றால் 'சிமிலாரிட்டி'.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரெழுத்துகள் மழுங்கி, ஏ, ஈ, ஓ எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். உறவுச் சொல்லில் அழுத்தம் இடம் மாறுவதால் ஒளிந்திருந்த எழுத்து வெளியே வந்துவிடுகிறது. ஊமை எழுத்துகளுக்கும் இது பலிக்கும் (எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்): 'மசில்' சொல்லில் கேட்காத சி 'மஸ்குலர்' சொல்லில் கேட்கிறது, 'சைன்' சொல்லில் மறைந்த ஜி 'சிக்னல்' சொல்லில்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 'ப்ரொனவுன்ஸ்' நடுவில் வரும் ஓ-யூ, 'ப்ரொனன்சியேஷன்' ஆகும்போது வெறும் யூ ஆகிவிடும். 'மெயின்டெய்ன்', 'மெயின்டெனன்ஸ்' ஜோடியும் இப்படித்தான் காலை வாரும். அதனால் ஒவ்வொரு ஜோடியையும் ஒருமுறை அகராதியில் சரிபார்த்துவிடுங்கள். 'சுனாமி' போல வேற்று மொழியிலிருந்து தனியாக வந்த சொல்லுக்குப் பெரும்பாலும் உறவே கிடையாது. அதன் தொடக்கத்து டி-யை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.