நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி: தவணை தவறும் இடங்கள்

குட்டியை வாங்கிய புதிதில் முதல் தடுப்பூசியைப் போட மறப்பவர்கள் குறைவு; தவறிப்போவது பெரும்பாலும் ஓராண்டு கழித்துப் போட வேண்டிய இரண்டாவது ஊசிதான். முதல் ஊசியால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் நாளடைவில் குறையக்கூடும் என்பதால், 12 மாதத்தில் போடப்படும் இந்த ஊக்க ஊசியே பாதுகாப்பை உறுதிப்படுத்துகிறது. மூன்றாண்டுக்குப் பலன் தரும் மருந்து என்று சொல்லிப் போட்டிருந்தாலும், அந்த மூன்றாண்டுக் கணக்கு பொதுவாக இந்த ஊசிக்குப் பிறகே தொடங்குகிறது. அதன்பின் ஆண்டுதோறுமா, மூன்றாண்டுக்கு ஒருமுறையா என்பதை மருந்தின் குறிப்பும் உள்ளூர்ச் சட்டமும் முடிவு செய்யும். இரண்டும் வேறுபட்டால் குறைந்த கால அளவையே கொள்வது நல்லது.

அவசரமும் ஒரு தவறே. பிறந்து 12 வாரம் ஆகும் முன் போட்டால், தாயிடமிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்பொருள்கள் ஊசியின் பலனைக் குறைத்துவிடலாம். அப்படிப் போட்டிருந்தால் 12 வாரம் நிறைந்ததும் மறுபடியும் போட வேண்டும். முதல் ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை, மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

பல நோய்களுக்கான கூட்டு ஊசியில் வெறிநோய்க்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று நம்புவோர் பலர். அத்தகைய மருந்துகள் பலவற்றில் வெறிநோய்க்கான பகுதி இருப்பதில்லை. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்: மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டில் நோயின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். அதற்கருகே ‘அடுத்த தேதி’க் கட்டம் காலியாக இருந்தால், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும்.

மருந்தை வாங்கி வந்து வீட்டிலேயே போடுவது சிக்கனம்போலத் தோன்றலாம். அம்மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். தவிர, அப்படிப் போட்ட ஊசி பல இடங்களில் சட்டப்படி செல்லாது.

தேதி கடந்துவிட்டதென்றால் தயங்கித் தள்ளிப்போடாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். முன்பு ஊசி போட்ட நாய்க்குப் பெரும்பாலும் ஒரே ஊசி போதும். வெளியே விடாத நாய்தானே என்று விட்டுவிடுவதற்கில்லை. வெறிநோயைப் பரப்பக்கூடிய வௌவால் வீட்டுக்குள்ளும் வரலாம். சந்தேகத்துக்குரிய விலங்கு கடித்துவிட்டால், தவணை தவறாத நாய்க்கு உடனடி ஊசியும் குறுகிய காலக் கண்காணிப்பும் போதுமானதாக இருக்கும்; ஒருமுறைகூட ஊசி போடாத நாயை மாதக்கணக்கில் தனிமைப்படுத்தவோ, சில நாடுகளில் கருணைக்கொலை செய்யவோ நேரிடும்.